வாயிலும் வைக்காத மனுசன்

புருசன் தங்கராசாவை ஆஸ்பத்திரி வாட்டில் படுக்கவைத்ததும் இளம் டொக்டர் கேட்டார். "அம்மா, இவர் குடிக்கிறவரோ?"

பேச்சியம்மா பக்கத்தில் நின்ற பிரேமிளாவை ஒருதரம் பார்த்தாள். பேச்சியம்மாவின் மகள் நிரோஜாவைத் தன் மகனுக்குக் கேட்டு, ஆவணியில் நாளும் குறித்தவள். சம்பந்திக்குக் காய்ச்சல் என்றதும் தோடம்பழப் பையோடு ஓடி வந்திருந்தாள்.

"ஐயோ இல்லை டொக்டர். அவர் வாயிலயும் வைக்கமாட்டார்."

சொன்னாளே ஒரு பொய்! பதினெட்டு வருசமாக விடிந்ததும் கசிப்புச் சாராயத்தில் வாய் கொப்பளிக்கிற மனுசனை ஒரு நொடியில் சாமியாராக்கிவிட்டாள்.

எலிக்காய்ச்சல் என்று மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் நாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் சுவரில் பாம்பு ஊருது என்று கத்தி, சேலைன் வயரைப் பிய்த்தெறிந்தான். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதோ என்று டொக்டர்மார் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பேச்சியம்மாவுக்குத் தெரியும். போன வருசம் பொலிஸ் கசிப்புக் கொட்டிலை உடைத்தபோதும், குடிக்கக் கிடைக்காமல் வீட்டில் இதே நடுக்கம்தான். தெரிந்தும் பேசாமல் நின்றாள், பாவி. சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது என்ற வெட்கம்.

அன்று பின்னேரம் வலிப்பு வந்தது. வாந்தியெடுத்த சத்தி நுரையீரலுக்குள் போய்விட்டது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் விட்டு மெசினில் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதழுது உண்மையைச் சொன்னாள்.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"குடியைத் திடீரெண்டு நிப்பாட்டினா இப்பிடித்தான் வரும், அம்மா. முதல்நாளே சொல்லியிருந்தா அப்பவே மருந்து துவங்கியிருப்பம். குடிச்சுக் குடிச்சு ஈரலும் பழுது. இனி மெசினில இருந்து எடுக்கிறது கஷ்டம்."

வெளியே மரவாங்கில் பிரேமிளா குந்தியிருந்தாள். இனி மறைத்து என்ன? பேச்சியம்மா எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உங்களுக்குப் பயந்துதான் சம்பந்தி பொய் சொன்னனான்."

"எனக்குத் தெரியும்தானே," என்றாள் பிரேமிளா. "ஸ்கந்தபுரத்தில ஆருக்குத் தெரியாது? பொம்பிளை கேக்க வந்த அண்டைக்கும் அவரில கசிப்பு மணந்தது. நாங்கள் பிள்ளையைத்தானே கேட்டனாங்கள்."

"அப்ப டொக்டர் கேக்கேக்க நீங்கள் ஏன் வாய் திறக்கேல்லை?"

"நாலு பேருக்கு முன்னால உங்கட மானத்தை ஏன் வாங்குவான் எண்டு பேசாம நிண்டனான்."

ஐந்தாம் நாள் தங்கராசாவைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். பிரேமிளா கையை விரித்து அழுதபடி ஓடி வந்தாள். கட்டிப்பிடித்து அழவேண்டிய பேச்சியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.