சின்ன மாமனார் வீட்டு வைஃபை

வந்து இறங்கிய மூன்றாம் நாளே மருமகள் விசாரித்தது இண்டர்நெட்டைப் பற்றித்தான். புது நாடு, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புது வேலை. புருஷன் ஊரில் விசாவுக்குக் காத்திருந்தான். வர ஆறு மாதமாவது ஆகும். அதுவரை அவனுடைய சித்தப்பா வீட்டுப் பின்னறையில் அவள் தங்குவது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். சொந்தமாக ஒரு லைன் போட்டுக்கொள்கிறேன் என்று அவள் சொன்னதும், சின்ன மாமனார் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்து அதன் நுனியை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒரு வீட்டில் எதற்கு இரண்டு அடுப்பு என்றார். இங்கே கம்பெனிக்காரர்கள் எல்லாம் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கழுத்தை அறுப்பார்கள் என்றார். பிறகு அவள் போனைத் தானே வாங்கி பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்த போனின் கண்ணாடியில் எண்ணெய் விரலின் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது. அவள் அதைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் இருந்தது. நேற்று சாயங்காலம் ஒரே சினிமாதான் போல என்பார், காப்பியை உறிஞ்சிக்கொண்டே. சுவர் மெலிசு, சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்து அவள் ஹெட்போன் வாங்கினாள். ஒரு வாரம் கழித்து, தனியாக வாடகை வீடு தேடுகிறாயாமே, இங்கே என்ன குறை வைத்தோம் என்று கேட்டார். கூட வேலை செய்கிறவள் சொல்லி ஒரு வாடகை வீட்டு வெப்சைட்டை அவள் திறந்து பார்த்தது உண்மைதான். ஆனால் வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. கிழவர் குத்துமதிப்பாகக் கல் எறிந்து பார்க்கிறார் என்று அதையும் விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊரிலிருந்து மாமியார் கூப்பிட்டார். குளிர், சாப்பாடு, வேலை எல்லாம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உடம்புக்கு என்னம்மா? எதுக்குப் பொம்பளை டாக்டர் ஆஸ்பத்திரியெல்லாம் பாத்துட்டிருக்கே?"

இங்கே வந்ததிலிருந்தே மருமகளுக்கு மாதவிலக்கு தாறுமாறாகியிருந்தது. முந்தின நாள் மதியம், கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து பக்கத்து ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். புருஷனிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

ஒன்றுமில்லை அத்தை என்று போனை வைத்துவிட்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். சின்ன மாமனார் ஒளிக்கவே இல்லை. சந்தோஷமாகப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் போனில் வைஃபை பெட்டிக்கென்று ஒரு ஆப் இருந்தது. புத்தகம் புரட்டுகிறவரைப்போல விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் திரையைத் தள்ளினார். 'மருமக போன்', 'மருமக லேப்டாப்', 'வீட்டுக்காரி போன்' என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். பெயரைத் தொட்டால் அதில் யார் எந்தப் பக்கத்துக்குப் போனார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று வரிசையாக இறங்கியது.

"பாரு, பதினாலு நிமிஷம் ஆஸ்பத்திரி பாத்திருக்கே. அதான் அண்ணிகிட்ட ஒரு வார்த்தை போட்டு வச்சேன். நம்ம வீட்டுப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா நாமதானே பாக்கணும்?"

எச்சில் பட்ட கண்ணாடிக்கு அடியில் அந்த ஆஸ்பத்திரியின் பெயர் ஈரமாக மினுங்கியது. மருமகளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சளியும் மலமும் சீழும் நாள் முழுக்கப் பார்க்கிற வேலை அவளுடையது. அந்தக் கையைக் கழுவிவிட்டு அங்கேயே பசியோடு சாப்பிடுகிறவள். இதைத் தாங்க முடியவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு தரம் ஓங்கரித்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. ஒரு மாதமாக அந்த ஆள் தன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைப்போல உடம்பெல்லாம் கூசியது.

தெருமுனைக்குப் போய், போன் சிம்மிலிருந்தே புருஷனைக் கூப்பிட்டாள். அவன் கேட்டுக்கொண்டான். சித்தப்பா பெரியவர், அக்கறையில் செய்திருப்பார், ஆறு மாதம்தானே என்றான். பிறகு சற்று நிறுத்தி, "ஆனா டாக்டர் விஷயத்தை நீ ஏன் முதல்ல எங்கிட்ட சொல்லலே?" என்றான். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்தபோது, சித்தப்பா மேல் இருந்த அருவருப்பில் ஒரு பங்கு இவன் மேலும் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் வேலை முடிந்து கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் பொறுமையானவள். கேபிள் லைன் வேகம், ஆனால் சுவரில் துளை போட வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றாள். அந்த வீட்டுக்காரரிடமிருந்து தப்பிக்கத்தானே இந்தப் பாடு! சிம் போடுகிற பெட்டி என்று ஒன்று உண்டு. துளை வேண்டாம், ஆள் வர வேண்டாம், சொருகினால் போதும். இரண்டு வருஷத்துக்கு எழுதிக்கொடுத்தால் மலிவு, மாதாமாதம் என்றால் கொஞ்சம் கூடுதல். மருமகள் மாதாமாதமே போதும் என்றாள். விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். வாடகைப் பத்திரம் ஏது? வேலையிடத்துக் கடிதத்தைக் காட்டிச் சமாளித்தாள்.

பெட்டியை மேஜையில் வைத்தால் ஒரு கோடுதான் எரிந்தது. கட்டிலுக்கடியில் அதுவும் இல்லை. கடைசியில் அலமாரி உச்சியில், ஜன்னலோரமாக வைத்ததும் மூன்று கோடு வந்தது. பாஸ்வேர்டை ஒன்றுக்கு இரண்டு தரம் மாற்றினாள். சின்ன மாமனாரின் வைஃபையைப் போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் அழித்தாள்.

அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அரை மணி நேரத்தில் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து நின்றார். கையில் போன். வைஃபை பட்டியலில் புதுசா ஒரு பெயர் காட்டுதே என்றார். அலமாரியைப் பார்த்ததும் முகம் தொங்கியது.

"எதுக்கும்மா இதெல்லாம்? நான் என்ன அந்நியனா?"

"நான் என்ன பாக்கறேன்னு நீங்க பாக்கறது எனக்கு அருவருப்பா இருக்கு மாமா."

அவர் அந்த வார்த்தையை எதிர்பார்க்கவில்லை. கோபம் என்றால் சமாதானம் சொல்லியிருப்பார், அழுகை என்றால் தலையைத் தடவியிருப்பார். "அருவருப்பா?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கே ஊருக்குச் செய்தி போய், மருமகள் வாய்த்துடுக்கு என்று இரண்டு குடும்பத்திலும் பேச்சானது. அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. டாக்டரிடம் போனாள். தைராய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பெட்டி வந்த நான்காம் நாள் மதியம் சின்ன மாமனார் வெளியே போயிருந்தார். அவர் மனைவி, அதுவரை அதிகம் பேசாத சின்ன அத்தை, மடித்த துணிகளோடு பின்னறைக்கு வந்தார். துணியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அந்தப் பொட்டியிலேர்ந்து என் போனுக்கும் வருமா?"

சொந்த அக்காவோடு அத்தை பேசி ஒன்பது வருஷம் ஆகிறதாம். அக்கா புருஷனோடு சின்ன மாமனாருக்கு ஏதோ சண்டை. பேசக்கூடாது என்று உத்தரவு. திருட்டுத்தனமாகக் கூப்பிட்டுப் பார்த்த ஒரு நாள், சாயங்காலமே பிடிபட்டாராம். மருமகளுக்கு 'வீட்டுக்காரி போன்' ஞாபகம் வந்தது. போனை வாங்கிப் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தாள்.

அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, எடுத்த எடுப்பில், "அக்கா, நான்தான்" என்றார். மருமகள் வெளியே போய் நின்றாள். உள்ளே ஒரு மணி நேரம் அழுகையும் சிரிப்பும் கேட்டது.

அடுத்த மாதமே அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அறை பார்த்துவிட்டாள். முன்பணம் கொடுத்த பிறகுதான் புருஷனிடம் சொன்னாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை. பெட்டியும் அவளோடு போனது. மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அத்தை வாரம் ஒரு தரம் அங்கே வருவார், அக்காவோடு ஆசை தீரப் பேசுவார். கிளம்பும்முன் போனை நீட்டி, "எல்லாத்தையும் அழிச்சுடும்மா, ஒண்ணுமே தெரியக்கூடாது" என்பார். இங்கே பேசுவது அவருக்குத் தெரியாது, வேண்டாம் என்று மருமகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பிறகு எப்படி அழிப்பது என்று அத்தையே கற்றுக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயசுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சொந்த அக்காவின் பெயரை ஒவ்வொரு இடமாகத் தேடித் தேடி அழிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், மருமகள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்ப்பாள்.