காய்ச்சல் இல்லாத குப்பம்

காய்ச்சலே இல்லாத குப்பத்தில் காய்ச்சல் மாத்திரை இரண்டு நாளில் தீர்ந்துபோகும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. சுகாதார நிலையத்து டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே செவ்வந்தியைப் போனில் பிடித்தார்.

"ஏம்மா, தினமும் உங்க குப்பத்துல காய்ச்சல் யாருக்கும் இல்லைன்னு அனுப்புற. அப்புறம் அத்தனை மாத்திரையும் யாரு திங்கறா? மீனுக்குப் போடறீங்களா?"

செவ்வந்தி திருதிருவென்று விழித்தாள். கொரோனா இரண்டாம் தடவையாக வந்து ஊர் ஊராக ஆட்டிப்படைத்த நேரம் அது. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கு கேட்டுப் போனில் ஏற்றுவது அவள் வேலை. அந்தக் கணக்கோடு மருந்துக்கடை விற்பனையையும் சேர்த்துப் பார்த்து, எந்த ஊரில் எதற்குத் தட்டுப்பாடு வரும் என்று முன்கூட்டியே சொல்ல மாவட்டத்தில் ஒரு ஏ.ஐ.யை ஓடவிட்டிருந்தார்கள். குப்பத்துச் சனம் பழவேற்காட்டுக் கடைகளில் ஊர்ப் பெயரை எழுதிக்கொடுத்து அள்ளிக்கொண்டு வந்த மாத்திரை அதன் கண்ணில் பட்டுவிட்டது.

"மாத்திரை வந்துடும், அதை விடு. ஆக்சிஜன் மெஷினை இன்னிக்குச் சாயங்காலம் ஊர் ஊரா பிரிச்சு அனுப்பறோம். அதுக்குக் காய்ச்சல் கணக்கைத்தான் கம்ப்யூட்டர் பாக்குது. உங்களுக்கு ஒண்ணுகூட ஒதுக்கல. நிஜமாவே அங்க யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"கேட்டுட்டு சொல்றேன் டாக்டரம்மா."

கேட்க என்ன இருக்கிறது? பின்னால் பாயில் அவள் புருஷன் தனசேகர் சுருண்டு கிடந்தான்.

"யாரு... போன்ல?"

இரண்டே வார்த்தை. நடுவில் ஒரு மூச்சு வாங்க வேண்டியிருந்தது. செவ்வந்தி அவன் விரலை இழுத்து ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினாள். காலையில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

"ஏத்திடாதம்மே... நாளைக்கு... நம்ம பாடு."

ஏரியில் இறால் நன்றாக விழும் இடத்தில் வலை கட்ட, குப்பத்தில் வீட்டுக்கு வீடு முறை வரும். அதற்குப் பெயர்தான் பாடு. அந்த வீட்டு ஆள் படகில் இருந்தாக வேண்டும், முறையை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. தவறவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பிறகு குப்பத்தையே ஒரு சுற்று சுற்றித்தான் திரும்பி வரும். காய்ச்சல் என்று வாயைத் திறந்தாலோ வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று கட்டிப்போட்டுவிடுவார்கள். அதனால் கேட்ட வீடெல்லாம் 'இல்லை' என்றது. ஒரு கல்யாணத்துக்குக்கூடக் குப்பம் இவ்வளவு ஒற்றுமையாக நின்றதில்லை. செவ்வந்தியும் 'இல்லை' என்றுதான் ஏற்றினாள், தன் வீட்டையும் சேர்த்து.

முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு அம்மன் கோயில் வாசலுக்கு விடுவிடுவென்று நடந்தாள். மறுநாள் முறை பற்றிப் பேச ஆண்கள் அங்கே கூடியிருந்தார்கள். தலைவர் நீலமேகம் முகக்கவசத்தைத் தாடைக்கு மாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, எங்க வூட்ல அவருக்குக் காய்ச்சல். மூச்சு வாங்குது. கணக்குல ஏத்தப் போறேன்."

எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள். நீலமேகத்துக்குக் கோபம் வந்தது.

"நாளைக்குப் பாட்ட வெச்சினு இன்னா பேசற? மொற அடுத்த வூட்டுக்குப் போய்டும். சட்டம் சட்டம்தான்."

"போவட்டும். பாடு திரும்ப வரும் மாமா, அவரு வரமாட்டாரு." அவள் நிறுத்தவில்லை. "உங்க வூட்லயும் எத்தினி பேருனு நெசத்தைச் சொல்லுங்க. ஆக்சிஜன் மெஷின் சாயங்காலம் கெளம்புது. நாம இல்லைனு சொன்னா அந்தக் கம்ப்யூட்டரும் இல்லைனு நம்பிக்கும். அதுக்கு இன்னா தெரியும், பாவம்."

யாரோ இருமலை அடக்கப் பார்த்து முடியாமல் இருமித் தொலைத்தார்கள்.

குழாயடியில் நின்ற தலைவரின் மனைவி கோவிந்தம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "எம்மா நாளைக்கு மூடி மூடி வைக்கறது? எங்க வூட்டுப் பெரியவனுக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது. எங்க வூட்டுக்கு ஒண்ணு போட்டுக்கம்மே."

நீலமேகம் தாடையில் கிடந்த முகக்கவசத்தை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டார். பாதி முகமாவது மறையுமே.

அப்போது சகாதேவன் முன்னால் வந்தான். அடுத்த முறை அவன் வீட்டுக்குத்தான். தனசேகர் பாடு தவறினால் லாபம் அவனுக்கு.

"அண்ணன் பாடு எனக்கு வாணாம். நானும் என் தம்பி முத்துராஜும் போய் அண்ணன் வலையைக் கட்டறோம். விழறது அண்ணன் வூட்டுக்கு."

"அப்டி வழக்கம் இல்லியேடா."

"வழக்கம் வெச்சது நாமதான மாமா?"

நீலமேகம் மனைவியைப் பார்த்தார். அவள் முறைத்தாள். "சரி," என்றார். "நோவு தீர்ற வரைக்கும் படுத்தவன் பாடு படுத்தவனுக்கே."

அதற்குப் பிறகு செவ்வந்தியின் விரலுக்கு வேலை சரியாக இருந்தது. எங்க வூட்ல ரெண்டு, எங்க நைனாவுக்கு, என் தங்கச்சிக்கு என்று நாலாபக்கமும் குரல். மடமடவென்று ஏற்றி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"செவ்வந்தி! உங்க குப்பம் இங்க கம்ப்யூட்டர்ல செக்கச்செவேல்னு எரியுது. ஆக்சிஜன் போதாதுன்னு அது கத்துது. ஏற்கெனவே ஆரம்பாக்கம் ஊருக்கு ஒதுக்கினதுல கைவைக்க முடியாது. கையிருப்புல மூணு மெஷின் இருக்கு, அதை உங்களுக்கு அனுப்பச் சொல்லுது. மெஷினை வைக்கப் பள்ளிக்கூடத்தைத் தொறந்து வை."

பொழுது சாய்வதற்குள் வண்டி வந்தது. தனசேகரைத் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூடக் கட்டிலில் கிடத்தி, மூக்கில் குழாயை வைத்தார்கள். தன் பாட்டை அடுத்தவன் கையில் விட்டுவிட்டாள் என்ற ஆத்திரத்தில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். செவ்வந்தி ராத்திரி முழுக்க அவன் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் சகாதேவன் ஜன்னலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தான். "அண்ணே, வலை கட்டியாச்சு!"

தனசேகர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "தண்ணி எந்தப் பக்கம் வத்துதுனு பாத்துக் கட்டினியா, இல்ல உன் இஷ்டத்துக்குக் கட்டிட்டு வந்து நிக்கிறியாடா? வலையைக் கிழிச்சினு வந்த, மவனே, உன்ன அந்த வலை கட்டற கொம்புலயே கட்டிப்புடுவேன்! அங்க இன்னாம்மே பல்லை இளிச்சினு நிக்கிற, எல்லாம் உன்னாலதான், ஊரைக் கூட்டி என் பாட்ட ஏலம் போட்டுட்டு வந்தவதான நீ!"

செவ்வந்திக்கு அவன் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. இத்தனையும் திட்டி முடிக்கும்வரை அவன் ஓரிடத்திலும் மூச்சுக்காக நிற்கவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"திட்டுய்யா," என்றாள். "இன்னும் கொஞ்சம் திட்டு."