வரலைன்னு ஒரு வார்த்தை

போடிநாயக்கனூரில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் மலைதான். மதுரையிலிருந்து வருகிற ரயிலில் ஒருவர் அயர்ந்து தூங்கிப்போனாலும் ஊரைத் தாண்டிப் போய்விட முடியாது. வியாழக்கிழமை காலை நடைமேடையில் நின்றிருந்த ஷாரோன் இதைத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இறங்க வேண்டியவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். உள்ளே கூட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "யாரத் தேடுறீங்க?" என்றாள்.

"எங்க கடைக்கு ஒருத்தர் வேலைக்குச் சேர வர்றாரு. நெட்டையா, கண்ணாடி போட்டு..."

சொல்லும்போதே நிறுத்திக்கொண்டாள். விண்ணப்பத்தோடு வந்த படத்தில் கார்முகிலுக்குக் கழுத்துவரைதான் இருந்தது. நெட்டை என்பது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

"அப்படி யாரும் எறங்கலையே" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வேர்க்கடலைத் தோல்களைக் கூட்டத் தொடங்கினாள்.

ஷாரோன் விஜயராஜின் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவள். வருகிற திங்கட்கிழமை அவள் கோயம்புத்தூரில் வேறு ஒரு நிறுவனத்தில் சேர வேண்டும். சேரும் நாளில் பழைய இடத்தின் ரிலீவிங் லெட்டரைக் கையில் கொண்டுவர வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். விஜயராஜும் ஒன்று சொல்லியிருந்தார்: உன் நாற்காலியில் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டு லெட்டரை வாங்கிக்கொள். ஆள் தேடுகிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. விளம்பரம் கொடுத்தாள், வந்தவர்களோடு பேசினாள், திண்டுக்கல்காரனான கார்முகிலைப் போனிலேயே பேசித் தேர்ந்தெடுத்தாள். அவனுக்கு அறை பார்த்து வைத்தாள். மெஸ்ஸிலும் சொல்லி வைத்திருந்தாள்.

அவனை ஏன் பிடித்தது என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். சம்பளம், விடுமுறை எல்லாம் பேசி முடித்தபின் அவன், "அங்க சாயங்காலம் நடக்கிறதுக்கு எடம் இருக்குமாங்க?" என்று கேட்டான். அதுவரை எந்த மனிதரும் அவளிடம் போடியைப் பற்றி அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. மலையடிவாரம்வரை போகிற சாலையை, மேகம் இறங்கினால் முதலில் மறைகிற பாறையை, சட்டையில் ஏறி எத்தனை துவைத்தாலும் போகாத ஏலக்காய் வாசனையை அவள் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வரும்போது அவள் போய்விடுவாள் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் அவள் தனியாக நடந்த சாலைகளில் அவளுக்குப் பின் ஒருவர் நடப்பார் என்பது ஏதோ ஒரு துணை மாதிரி இருந்தது.

இப்போது அவனுடைய போன் முதலில் முழுதாக ஒலித்து நின்றது. அடுத்து பிஸி என்றது. அப்புறம் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது.

கடைக்கு வந்தாள். விஜயராஜ் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். கண்புரை அறுவை செய்து இன்னும் சரியாகப் பார்வை தெளியவில்லை.

"ரயிலு வந்துருச்சா?"

"வந்துருச்சு அண்ணாச்சி."

"ஆளு?"

"வரல."

"ஆளில்லாத ரயில வச்சு நான் என்னாத்தா பண்ண? கணக்கு எழுதுமா அது?"

மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஷாரோனுக்கும் சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"போன எடுக்க மாட்டேங்குறாரு அண்ணாச்சி. ஏதாவது ஆயிருக்குமோ?"

"ஒன்னும் ஆயிருக்காது. நம்ம குடுத்த வேலைக் காயிதத்த இருக்கிற முதலாளிகிட்டக் காட்டிச் சம்பளத்த ஏத்தியிருப்பான். காரியம் முடிஞ்சுது, இனி உன் போன எதுக்கு எடுக்கணும்?" அவர் குரல் இறங்கியது. "ஒன் மேல தப்பில்ல ஆத்தா. ஆனா இந்தக் கண்ண வச்சுக்கிட்டு நான் ஏலத்தப் பாக்கவா, பில்லப் பாக்கவா? ஒரு ஆள உக்கார வையி. அன்னைக்கே லெட்டரு. நான் ஒன்ன நிறுத்தி வைக்கணும்னு நெனைக்கல."

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அன்றிரவு வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர் கழுவிக் கவிழ்த்தாள். அம்மா சாராள் பேரப்பிள்ளையைப் பார்க்கத் திருப்பூருக்கு, தம்பி வீட்டுக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கோயம்புத்தூருக்குப் போனால் வாராவாரம் அம்மாவைப் பார்க்கலாம். வேலையைவிட அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கார்முகிலின் வாட்ஸப்பைத் திறந்தாள். "வந்துட்டீங்களா?" என்று அவள் அனுப்பியதற்குப் பக்கத்தில் நீலக் குறிகள் விழுந்திருந்தன. பார்த்திருக்கிறான். அந்தக் குறிகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், சன்னலுக்கு அப்பால் ஒருவர் நின்று உள்ளே பார்த்துவிட்டு நகர்ந்துபோனதைப் போல.

வெள்ளிக்கிழமை ஏலம். விஜயராஜின் கண்ணுக்குப் பதிலாக அவள் ஏலக்கூடத்துத் திரையைப் பார்க்கப் போனாள். அந்தக் கூடத்தில் அவளுக்கு எப்போதும் ஒரு நிம்மதி உண்டு. ஒரு லாட் ஏலக்காயின் எண் திரையில் வரும். வேண்டுகிறவர்கள் பொத்தானை அழுத்துவார்கள், விலை ஏறும். யாரும் அழுத்தாமல் போனால் அந்த எண் போய் அடுத்தது வரும். வேண்டாம் என்று எவரும் வாய் திறந்து சொல்வதில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கிற, அந்தச் சரக்கைக் கொண்டுவந்த தோட்டக்காரர் புரிந்துகொண்டு துண்டை உதறி எழுந்து போவார். யாருக்கும் யாரோடும் மனத்தாங்கல் இல்லை.

ஷாரோன் இத்தனை வருடம் அங்கே உட்கார்ந்து, மௌனமும் ஒரு பதில்தான் என்று பழகியிருந்தாள். ஆள் தேடியபோதும் அப்படித்தான் செய்தாள். குரங்கணியிலிருந்து மகா என்று ஒரு பெண் வந்திருந்தாள். பி.காம். முடித்தவள், கணக்கில் சுத்தம். "ரெண்டு நாள்ல கூப்பிடுறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, கார்முகிலை முடிவு செய்தபின் ஷாரோன் அவளைக் கூப்பிடவில்லை. முகத்துக்கு நேரே இல்லை என்பதைவிடச் சும்மா இருப்பது மரியாதை என்று தோன்றியது. அவளுக்கே புரிந்திருக்கும்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. கோயம்புத்தூர் நிறுவனத்தில் ஆள் எடுக்கிற வித்யா. திங்கட்கிழமையைப் பற்றித்தான் கேட்பாள். என்ன சொல்வது? ஷாரோன் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். அது அடித்து ஓய்ந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் அடித்தது. திரையில் எண்கள் வந்து போய்க்கொண்டிருந்தன.

மகா இருக்கிறாளே என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. மகா திங்கட்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். வித்யாவிடமும் நல்ல செய்தியாகவே சொல்லலாம். கூடத்தை விட்டு வெளியே வந்து மகாவின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மாலையிலும் அதே.

சனிக்கிழமை காலை குரங்கணிக்குக் கிளம்பிய ஜீப்பில் முன் இருக்கையில் இடம் கேட்டாள். ஈஸ்வரன் ஜீப். கடைக்கு மூட்டை இறக்குகிறவர்.

"என்ன ஷாரோனு, இந்தச் செருப்போட மலைக்கா? கீழ வர்றப்ப செருப்பு மட்டும் வரும்."

"மகா வீடு தெரியுமாண்ணே? கணக்குப் படிச்ச புள்ள."

"எந்த மகா? போன் மகாவா?" ஈஸ்வரன் கியரை மாற்றிக்கொண்டே சிரித்தார். "மேல டவர் கெடைக்காதுல்ல? இந்தா, இந்த வளைவுப் பாறையில மட்டுந்தான் ரெண்டு கோடு தெரியும். சாயங்காலமானாப் போதும், அந்தப் புள்ள போனக் கையில வச்சுக்கிட்டு இங்கன ஒக்காந்துருக்கும். 'என்னத்தா, கலெக்டரு கூப்பிடுறேன்னாரா?'ன்னு வண்டியில போற வர்றவன் எல்லாம் கேட்டுட்டுப் போவோம்."

"இப்பவும் உக்காருதா?"

"இல்ல, விட்டுருச்சு. மழ வேற பிடிச்சுருச்சுல்ல."

ஷாரோன் பாறையைத் திரும்பிப் பார்த்தாள். ஜீப் வளைந்துவிட்டது.

மகா அவளுடைய மாமாவின் டீக்கடையில் இருந்தாள். மலையேற வந்த இளைஞர்கள் கூட்டத்துக்கு ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தவள், ஷாரோனைப் பார்த்தும் கரண்டியை நிறுத்தவில்லை.

"வாங்கக்கா. டீயா, காப்பியா?"

"மகா, ஒன்னையத்தான் பாக்க வந்தேன்."

"தெரியுது. மலையப் பாக்க வந்தவுக மொகம் இப்படி இருக்காது." அவள் காபியை ஆற்றி நீட்டினாள். "சொல்லுங்க."

"வேலை இருக்கு. திங்கக்கெழமையே சேந்துக்கலாம்."

"அன்னைக்கு எடுத்த ஆளு வரலையாக்கும்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. காபி தம்ளர் கையைச் சுட்டது. "வரல" என்றாள் ஷாரோன்.

மகா தலையாட்டினாள். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதைப் போலச் சொன்னாள்: "போடிமெட்டுல ஒரு எஸ்டேட் ஆபீசுல அப்பவே கூப்பிட்டாங்கக்கா. கீழ போடியில ஒரு அக்கா சொல்றேன்னிருக்காங்க, ரெண்டு நாள் பொறுங்கன்னு நானே சொன்னேன். அவுக பொறுத்துப் பாத்துட்டு வேற ஆள வச்சுட்டாக. நான் அதுக்கப்புறமும் பாறையில போய் உக்காந்தேன். நீங்க அடிச்சு, இங்க டவர் இல்லாம போயிருக்குமோன்னு."

"நான் கூப்பிடவே இல்ல மகா."

"அது அப்புறந்தான் வெளங்குச்சு."

ஆம்லெட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். ஷாரோன் குரலைத் தாழ்த்தினாள். "தப்புதான். இப்ப வாயேன். சம்பளத்த இன்னுங் கூட்டித் தரச் சொல்றேன்."

"தேனியில ஒரு உரக்கடையில ஒன்னாந் தேதி வர்றேன்னு சொல்லியிருக்கேங்க்கா."

"உரக்கடைதானே. இன்னும் சேரலையே. வேற எடத்துல கெடச்சுருச்சுன்னா அவுக என்ன செய்யப் போறாக? போன எடுக்காம விட்டா அவுகளே..."

அங்கே நிறுத்தினாள். தன் வாயிலிருந்து வந்தது யாருடைய குரல் என்று ஒரு கணம் அவளுக்கே விளங்கவில்லை. திண்டுக்கல்லில் யாரோ ஒருவர் கார்முகிலிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பார். அவனும் யோசித்திருப்பான். அது சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

மகா அடுப்பைக் குறைத்துவிட்டு முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"நான் வரலக்கா. நல்லாக் கேட்டுக்கங்க, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லல. வரல. நீங்க பாட்டுக்கு என்னைய நம்பி உக்காந்துறாதீங்க." பிறகு கொஞ்சம் இளகினாள். "காப்பி ஆறுது, குடிங்க. காசு வேணாம்."

"இல்ல, இந்தா."

"அப்படின்னா குடுங்க. மாமா கணக்குக் கேப்பாரு."

ஈஸ்வரன் காபி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஷாரோன்தான் மறுபடி முன் இருக்கையில் இருந்தாள். இல்லை என்பது முகத்துக்கு நேரே வந்தால் எப்படி இருக்கும் என்று அவள் பயந்திருந்தாளோ அப்படி இல்லை. வலித்தது. ஆனால் வலி எங்கே முடிகிறது என்று தெரிந்தது. கார்முகிலுடையது இன்னும் முடியவில்லை. படுத்தால், எழுந்தால், போன் அதிர்ந்தால், அவனோ என்று இருந்தது.

வளைவில் போன் கையில் துடித்தது. வித்யாவின் தவறிய அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின.

"அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க. ஒரு போன் பேசணும்."

"வெரசாப் பேசு. லோடு கெடக்கு."

பாறை நனைந்திருந்தது. உட்கார்ந்தாள். கீழே ஏலத்தோட்டங்களின் மேல் மேகம் கிடந்தது. வித்யா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஷாரோன்! அப்பாடா. நீங்களும் காணாமப் போயிட்டீங்கன்னு நெனச்சேனுங்க."

அந்த 'நீங்களும்' என்ற சொல்லில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஷாரோனுக்குத் தோன்றியது. "நேத்து எடுக்காம இருந்தேங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. திங்கக்கெழமை நான் வர முடியாது."

நடந்ததை எல்லாம் சொன்னாள். வித்யா குறுக்கிடாமல் கேட்டாள். பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது. அவள் வீட்டில்தான் இருக்கிறாள் போல.

"லெட்டர் இல்லாம எங்க ஆபீசுல ஒத்துக்க மாட்டாங்க. ஒரு தேதி சொல்ல முடியுங்களா? அடுத்த வாரம், அதுக்கடுத்த வாரம்? சொன்னீங்கன்னா நான் நிறுத்தி வெச்சுப் பாக்கறேன்."

அடுத்த வாரம் என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் நாக்கில் தயாராக இருந்தது. சொன்னால் கோயம்புத்தூர் இன்னும் கொஞ்ச நாள் அவளுடையதாக இருக்கும். வாராவாரம் அம்மாவைப் பார்க்கப் போகிற பஸ்சும் இருக்கும்.

"தெரியலங்க" என்றாள். "தேதி சொன்னா அது பொய்யாயிரும். நீங்க வேற ஆள எடுத்துக்கங்க."

பிறகு வித்யா, "பொள்ளாச்சியில ஒரு பொண்ணு இருக்குதுங்க. உங்களுக்கு அடுத்து அதுதான். ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல, அப்படியே வெச்சிருக்கேன்" என்றாள்.

"இப்பவே கூப்பிட்டுச் சொல்லிருங்களேன்."

"சொல்லிடறேன்." ஆனால் அவள் உடனே வைத்துவிடவில்லை. "அங்க என்னங்க, அவ்வளவு காத்துச் சத்தம்?"

"மலை. கீழ பூராவும் ஏலக்காத் தோட்டம்."

"நான் பாத்ததே இல்லைங்க."

இருவரும் சற்று நேரம் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. "சரிங்க ஷாரோன்" என்றாள் வித்யா. தொடர்பு நின்றது.

ஷாரோன் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலை விஜயராஜின் கடையில் பழைய நாற்காலியில் உட்காருவாள். அதை இனி மாற்ற முடியாது. இப்போது பொள்ளாச்சியில் ஒரு போன் அடிக்கத் தொடங்கியிருக்கும். அந்தப் பெண் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கலாம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். ஈஸ்வரன் ஹாரன் அடித்தார். ஷாரோன் ஒரு கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னாள், அந்தப் பெண் போனை எடுத்து முடிக்கட்டும் என்று.