சந்தனம் படாத இடம்

எழுபத்துமூன்றாம் வருடம் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்து வயலொன்றில் நான் பொறுக்கிய கட்டைவிரலளவு முக்கோணக் கல்லை, டொராண்டோ அப்பார்ட்மெண்டில் என் மனைவி அம்புஜம் பிள்ளையாராக்கிவிட்டாள். தினமும் சந்தனம் அப்பினாள். அந்த மாதமே எனக்கு வேலை கிடைத்தது. அதன்பின் அவளிடம் பேச முடியுமா?

என்ன கல்லென்று அறிய மியூசியத்துக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த நிபுணர் சந்தனத்தைக் கழுவினார். அடிப்பக்கத்தில், இரு ஓரங்களிலும் எதிரெதிரே வெட்டுகள். அம்பு முனை என்றார். அந்தக் காலத்துப் பூர்வகுடிக் காட்டெருமை வேட்டைக்காரர்கள் அந்த வெட்டுகளில் நரம்பைச் சுற்றிக் கம்போடு கட்டுவார்களாம்.

முட்டைகூட நுழையாத வீடு எங்களுடையது. அம்புஜத்திடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"அதுக்கென்ன இப்போ? அன்னிக்கு யார் வீட்டுக்கோ சோறு போட்டிருக்கு, இன்னிக்கு நமக்குப் போடுது. கொடுங்க இப்படி!"

மறுபடி சந்தனம் வைத்தாள், அந்த இரண்டு வெட்டுகளை மட்டும் விட்டு. அவற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இதைச் செஞ்ச மகராசன் நல்லாருக்கணும்."