கல்யாண மண்டபத்தில் ஒரு கிராமசபை

கோபம் வந்தால் சிலருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எனக்குத் திறந்துகொள்ளும். அன்றைக்குப் போலீஸ் வேனுக்குள் நான் கத்திய கத்தலில் டிரைவர் இரண்டு தடவை பிரேக் போட்டார்.

கத்தாமல் என்ன செய்வது? எங்கள் பாசன வாய்க்காலைத் தூர்த்துக் கிடங்கு கட்ட வந்தவர்களை ஊரே மறித்தது. உடனே தடை உத்தரவு வந்தது. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாதாம். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். குறுவை அறுத்து, சம்பா நட்டும் முடித்தாயிற்று. இன்னும் நீட்டித்துக்கொண்டே இருக்கிறார்கள். கூடுகிற உரிமை அரசியல் சட்டத்தில் பத்திரமாக இருக்கிறதாம். ஆனால் ஒரே கையெழுத்தில் அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாமாம்!

'தடையை நீட்டிப்பதானால் ஊருக்குள் வந்து காரணம் சொல்லுங்கள், சட்டத்தை அப்படித் திருத்துங்கள்' என்று கிராமசபையில் தீர்மானம் போட நினைத்தேன். முந்தைய இரண்டு கிராமசபைகளையும் தடுத்துவிட்டார்கள். பதவிக்காலம் முடிகிறது; ஊராட்சித் தலைவராக இந்தச் சகாயம்மாளுக்கு இதுதான் கடைசி கிராமசபை. இதையும் விட்டால் அந்தத் தீர்மானம் என் வயிற்றுக்குள்ளேயே கிடந்து மட்கவேண்டியதுதான்.

அதனால் மழையென்றும் பாராமல் ஊரோடு கிளம்பினோம். சமுதாயக்கூடத்து வாசலிலேயே மடக்கி, வேன் வேனாக ஏற்றிவிட்டார்கள்.

பிடித்தவர்களை எங்கே வைப்பார்கள்? எல்லா ஊரையும் போல இங்கேயும் கல்யாண மண்டபத்தில்தான். சாயங்காலம் வரை உட்காரவைத்து, சோறு போட்டு அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஊர் எல்லையிலேயே இருக்கிறது கபீர் பாயின் நூர் மகால். முந்தின நாள் நிக்காஹ் அலங்காரத்தைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலி மினுமினுத்தது.

"உட்காருங்க தலைவரம்மா, மாலை ஒண்ணுதான் பாக்கி" என்றார் பாய். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் மூலையில் நனைந்த கோழியாய் நின்ற கிளமென்ட்டைப் பார்த்தேன். எங்கள் ஊராட்சிச் செயலர். 'தடை இருக்கும்போது நான் வந்தா வேலை போயிடும்' என்று காலையில் என்னிடம் கையெடுத்துக் கும்பிட்ட ஆள்.

"நீங்க எப்படி வந்தீங்க?"

"நான் எங்கம்மா வந்தேன்? டீக்கடையில மழைக்கு ஒதுங்கி நின்னேன். சேர்த்து அள்ளிட்டு வந்துட்டாங்க!"

அவர் அக்குளில் பிளாஸ்டிக் பையில் சுற்றின தீர்மானப் புத்தகம் இருந்தது. என் பார்வை அதிலேயே ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துப் பெண் போலீஸ் ஒருவர் சாப்பாட்டுக்குத் தலை எண்ணி முடித்து, "சார், இருநூறுக்கு மேல வருது" என்று குரல் கொடுத்தார். எங்கள் கிராமசபை செல்லுபடியாக இருநூறு பேர் வேண்டும். தண்டோரா போட்டு, வீடு வீடாகக் கெஞ்சியும் இதுவரை பாதிகூடத் தேறியதில்லை.

"பாய், மைக்கைப் போடுங்க!"

இன்ஸ்பெக்டர் பஞ்சநதம் ஓடிவந்தார். "அம்மா, கூட்டம் போடக் கூடாது. அஞ்சு பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு உத்தரவு."

"கூட்டினது நாங்களா சார்? வேன் வெச்சுக் கூட்டினது நீங்க. வேணும்னா எங்களை அஞ்சஞ்சு பேராக் கலைச்சு விடுங்க. போறோம்."

மண்டபமே அதிர்ந்தது. பஞ்சநதம் வெளியே போய் யாருக்கோ போன் போட்டார். மழையில் சிக்னல் கிடைக்கவில்லை.

"பிடிச்சு வந்த இடத்துல எழுதினா யாரும் என்னைக் கேக்க முடியாதுல்ல?" என்றார் கிளமென்ட். பேனா மூடி அதற்குள் அவர் பல்லுக்கிடையில் இருந்தது.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போதே தீர்மானத்தை வாசித்தேன். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க." சாம்பார் சாதம் ஒட்டின கைகள், வளையல் கைகள், சேறு காயாத கைகள் எல்லாம் ஒரே மூச்சில் மேலே போயின. கல்யாண நாற்காலியில் உட்கார்ந்து நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆறு மணிக்கு, "எல்லாரையும் விட்டாச்சு, கிளம்புங்க" என்றார் பஞ்சநதம். ஒருவரும் அசையவில்லை. கிராமசபையில் கடைசியாக நன்றி சொல்லவேண்டும் அல்லவா?

கிளமென்ட் எழுந்து வாசித்தார்: "மக்களை வாகனத்தில் அழைத்து வந்து, உணவும் அளித்த காவல் ஆய்வாளருக்கு இச்சபை நன்றி தெரிவிக்கிறது." கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

பஞ்சநதம் என் பக்கம் குனிந்தார். "அந்த நன்றியை மட்டும் அடிச்சிடுங்கம்மா. மேல பார்த்தா நான் தொலைஞ்சேன்."

"தீர்மானத்தை நானா அடிக்க முடியாதே சார். அதுக்கு இன்னொரு கிராமசபை கூட்டணும்" என்றேன். "வேன் அனுப்புங்க, வர்றோம்."