நெற்றிக்குத் திரும்பிய தோல்

கிறிஸ்துதாஸின் மூக்கில் தைத்த தோல் பதினோரு முறை நெற்றிக்கே திரும்பிப் போனது. வெள்ளானூரிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போது மூக்கில் இருக்கும். பஸ் திருமுல்லைவாயலைத் தாண்டுவதற்குள் மெல்ல ஊர்ந்து மேலேறி, பழைய இடத்தில் உட்கார்ந்துவிடும். கண்டக்டர் பார்த்துவிட்டு, உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார்.

மூக்கு நுனியில் ஆறாமல் கிடந்த கட்டியை வெட்டியெடுத்த டாக்டர் அனுசுயா, நெற்றித் தோலில் ஒரு பட்டையைப் புருவத்தோடு ஒட்டியபடியே திருப்பி இறக்கி, அந்தப் பள்ளத்தை மூடியிருந்தார். தொடைத் தோல் வைத்தால் ஒட்டுப்போட்டது தெரியும், பக்கத்துத் தோல்தான் நிறம் ஒத்துப்போகும் என்பது அவர் கட்சி. நிறமெல்லாம் ஒத்துத்தான் போனது. தங்கத்தான் மாட்டேன் என்றது. அவர் தைக்கத் தைக்க அது ஏறிக்கொண்டே இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி வாசலில் முகம் பார்த்து வருகை போடும் மெஷின், கிறிஸ்துதாஸை யாரென்றே தெரியாது என்றது.

"அண்ணாத்தே, மெஷின் ஒத்துக்கலைன்னா நான் இன்னா பண்றது? இன்னொரு நாள் ஆப்சென்ட் ஆச்சுன்னா கான்ட்ராக்ட்லருந்து பேரத் தூக்கிடுவாங்க" என்றான் சூப்பர்வைசர் வினோத். சொந்தத் தோலே பேச்சைக் கேட்காவிட்டால் எவனிடம் போய்ப் புகார் சொல்வது? கிறிஸ்துதாஸுக்குத் தன் முகத்தின் மேலேயே வெறுப்பு வந்தது.

பன்னிரண்டாம் முறை தைத்த டாக்டர், கம்பெனிக்கு லீவு சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிட்டு, அவனைப் பத்து நாள் வார்டிலேயே வைத்துக்கொண்டார். தோல் அசையவில்லை. அப்படியானால் வீட்டில் காலையில் என்னதான் நடக்கிறது என்று அவன் மனைவி லூர்தம்மாளிடம் எரிச்சலோடு கேட்டார்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. கெளம்பசொல்லோ நெத்தில சிலுவை போட்டு அனுப்புவேன். பத்தொம்பது வருசமா அதான்."

சிலுவை விழும் இடத்தில் தான் இல்லையே என்று தோல் பதறிப்போய் ஓடியிருக்கிறது. பன்னிரண்டு முறை தைத்த டாக்டருக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. சிலுவையை நிறுத்தச் சொன்னார்.

மூன்று நாள் நிறுத்தினாள். தோல் தங்கியது, மெஷினும் உள்ளே விட்டது. ஆனால் வெறும் நெற்றியோடு போன அந்த மூன்று நாளும் கிறிஸ்துதாஸ் பஸ்ஸில் கண்டவரோடெல்லாம் சண்டை போட்டான். நான்காம் நாள் லூர்தம்மாள் கட்டைவிரலை அவன் மூக்கில் வைத்தாள்.

"மூக்குல போட்டா ஆண்டவர் சிரிப்பாரு."

"தோலு எங்க கீதோ அங்கதான் போடுவேன். சும்மா நில்லுய்யா."

அதற்கப்புறம் தோல் எங்கும் போகவில்லை. அடுத்து வந்த சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளக் கோயிலில் நீளமான வரிசை. கிறிஸ்துதாஸின் முறை வந்ததும் பங்குச் சாமியார், நெற்றிக்குக் கொண்டுபோன விரலைச் சற்றுத் தாழ்த்தி மூக்கில் சாம்பலைப் பூசிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தார்.