நாலாவது வில்லை

சிஞ்ச்வட் என்ற வடக்கத்தித் தொழில் நகரத்தில் சேவியருக்குக் கம்பெனியில் எப்போதும் இரண்டாம் ஷிப்ட். அவர் மனைவி மேரி நர்ஸ், அவளுக்கு ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி. வாரம் முழுக்க ஒருவர் முகத்தை மற்றவர் தூக்கத்தில்தான் பார்த்தார்கள். மிச்சம் இருந்தது ஞாயிறு ஒன்று.

அன்றைக்கும் சர்ச்சிலிருந்து வந்ததும் சேவியர் பால்கனியில் மரவேலைக்கு உட்கார்ந்துவிடுவார். 1998இல் அந்த சொசைட்டிக் குடியிருப்பில் வேறு யாருக்கும் இல்லாத பைத்தியம் அது. பட்டறை மேசை கிடையாது, கிளாம்ப் கிடையாது. செங்கல் மேல் பலகையை வைத்து இழைப்பார். அது நழுவாமல் மறுமுனையை மேரி அழுத்திப் பிடித்துக்கொள்வாள். பிடித்தபடியே வார்டுக் கதையெல்லாம் சொல்வாள். எந்த டாக்டர் யார்மேல் எரிந்து விழுந்தார், எந்த நோயாளியைப் பார்க்க ஒருவருமே வரவில்லை, எல்லாம். நடுநடுவே "கை கடுக்குதுங்க" என்பாள்.

சேவியர் நல்ல மனிதர். சொன்னதை மட்டும் காதில் வாங்குகிற நல்ல மனிதர். பேக்கிங் பெட்டி மரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு வில்லைகள் அறுத்தார். பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் இரண்டு பக்கமும் ஒட்டினார். வேறு செலவில்லை. மூலைக்கு ஒன்றாக அடியில் வைத்ததும் பலகை தரையைவிட்டு உயர்ந்து நின்றது. இழைத்தாலும் இம்மியும் நகரவில்லை.

"இனிமே நீ கஷ்டப்பட வேண்டாம். போய்ப் படுத்துக்க" என்றார், பெருமை தாங்காமல்.

மேரி படுத்தாள். தூக்கம் வரவில்லை. அடுத்து வந்த ஞாயிறுகளிலும் இழைப்புளிச் சத்தத்தைக் கேட்டபடி சுவரைப் பார்த்துக் கிடந்தாள். தன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதுபோல் இருந்தது. அழுகை வந்தது.

பிறகு ஒரு ஞாயிறு வில்லைகளில் ஒன்றைக் காணோம். மூன்றை வைத்துப் பார்த்தார். இழைப்புளியை அழுத்தியதும் முட்டில்லாத மூலை கீழே இறங்கியது.

"மேரி, வில்லை ஒண்ணைப் பாத்தியா?"

"நான் எங்கங்க பாத்தேன்? வேணும்னா வந்து பிடிக்கட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் வந்து பிடித்தாள். பேசத் தொடங்கியவள் அவர் வார்னிஷ் டப்பாவை மூடும்வரை நிறுத்தவில்லை.

மறுநாள் உலை வைக்க அரிசி அளந்தபோது சேவியரின் கையில் ரப்பர் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தால், காணாமல்போன வில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அதை அரிசிக்குள்ளேயே ஆழமாகப் புதைத்தார்.

அடுத்த ஞாயிறு பால்கனியிலிருந்து குரல் கொடுத்தார்.

"மேரி, இன்னொண்ணையும் காணோம்."

மேரி ஒளித்தது ஒன்றைத்தான். வாசலில் நின்று அவரையே பார்த்தாள். அவர் தலை நிமிராமல் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மூலையையும் பிடிச்சா கை கடுக்குமே" என்றாள்.

"கடுத்தா சொல்லு" என்றார் சேவியர். "வேலையை நிப்பாட்டிட்டுப் பேசுவோம்."